இடக்கை விசைப்பலகை

அக்காவின் பழைய மடிக்கணினியில் ஒரு தட்டச்சு முறை இருந்தது. உலகத்தில் அதைப் பாவித்தது அவள் ஒருத்திதான். இடைவெளி விசையைப் பெருவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு இடப்பக்கத்து விசை ஒன்றைத் தட்டினால், வலப்பக்கத்தில் அதற்கு நேரெதிரே இருக்கிற எழுத்து விழும், முகம் பார்க்கும் கண்ணாடியில் போல. பாமினி என்கிற தமிழ் விசை ஒழுங்கில் க இருக்கிற விசை அப்போது த-வைத் தரும். ன-வைத் தட்டும் விரலே ம-வையும் தட்டும். ள-வின் விரல் ட-வுக்கும் பொறுப்பு. வலக்கை முழங்கைக்குக் கீழே இல்லாத ஒருத்தி, இரண்டு கைக்காரரின் வேகத்தில் தமிழ் அடிப்பதற்காக நானும் ஒரு சிநேகிதனும் சேர்ந்து செய்த ஏற்பாடு அது.

கை போனது வன்னியில், போரின் கடைசி மாதங்களில். எல்லோருக்கும் ஏதாவது போய்க்கொண்டிருந்த காலம். அக்கா அதைப் பற்றிக் கதைப்பது குறைவு. கதைத்தாலும், "நல்ல மணிக்கூடு ஒண்டும் அதோடை போச்சு" என்று அந்தக் கையில் கட்டியிருந்த மணிக்கூட்டைப் பற்றித்தான் சொல்லுவாள்.

அவளுடைய தொழில் நினைவு மலர் அடிப்பது. எங்கள் பக்கம் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களுக்கு ஒரு சிறிய புத்தகம் கொடுப்பார்கள். முன்பக்கத்தில் இறந்தவரின் படம், உள்ளே தேவாரம், வாழ்க்கை வரலாறு, மனைவியும் பிள்ளைகளும் புலம்புவதாகப் பாட்டு, கடைசியில் நன்றி நவிலல். பழைய ஆட்கள் இன்றைக்கும் அதைக் கல்வெட்டு என்றுதான் சொல்லுகிறார்கள். மயிலிட்டித் துறைமுகத்துக்குப் போகிற ஒழுங்கையில், ஆமி விட்டுத் திரும்பக் கிடைத்த காணியில் கட்டிய சின்ன வீட்டில் இருந்துகொண்டு அக்கா பக்கங்களை அடித்து ஒழுங்குபடுத்திக் கொடுப்பாள். கோப்பாயில் ஓர் அச்சகம் அதை அச்சடித்துக் கட்டும். வேறு இடங்களில் செத்த வீட்டுக்காரர் எழுதிக்கொண்டு போக வேண்டும். அக்காவிடம் எழுதத் தேவையில்லை. கதிரையில் இருந்து சொன்னால் போதும். சொல்லச் சொல்ல அவள் அடித்துவிடுவாள். அழுகிறவர்கள் அழுதபடியே சொல்லலாம். அதனால்தான் வல்வெட்டித்துறையில் இருந்தும் ஆட்கள் பஸ் ஏறி அவளிடம் வந்தார்கள்.

நான் ஓர் இடத்தில் நிற்கிற ஆள் இல்லை. எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. நாங்கள் இருந்த முகாமுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் பாதையை மூடினார்கள்; திறந்தபோது எனக்கு மீசை வந்திருந்தது. பிறகு மன்னாரில் மீன்வாடியில் ஐஸ் உடைத்தேன். வெள்ளவத்தையில் போட்டோப் பிரதி எடுக்கிற கடையொன்றில் நின்றேன். கட்டாருக்கு இரண்டு தரம் போய் வந்தேன். அங்கே தங்குமிடத்தில் பக்கத்துக் கட்டில் மலையாளி ஒருவன் தந்த சீடியில்தான் லினக்ஸை முதலில் பார்த்தேன். ஆங்கிலம் எனக்கு அரைகுறை. ஆனால் அதைத் திறந்து உள்ளே கைவிட்டு மாற்றலாம், யாரும் கேட்கமாட்டார்கள் என்பது பிடித்திருந்தது. திறக்க முடியாமல் மூடியிருந்த எத்தனையோ கதவுகளுக்கு முன்னால் நின்றவனுக்கு அது பெரிய விஷயம்.

ஊருக்கு வந்தபோது அக்கா ஒற்றைக் கையால் ஒவ்வொரு எழுத்தாய்க் குத்திக்கொண்டிருந்தாள். செத்த வீட்டுக்காரர் கொண்டு வரும் பென்டிரைவுகளில் இருந்து வைரஸ் வந்து, அடித்த பக்கங்கள் எல்லாம் மூன்று தரம் அழிந்திருந்தன. அப்போதுதான் யாழ்ப்பாணத்தில் ஐந்துசந்திக்குப் பக்கத்தில் கணினி திருத்துகிற கடை வைத்திருந்த சிநேகிதனிடம் போனேன். அவனுடைய குடும்பம் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லோரையும் போலத் தொண்ணூறில் துரத்தப்பட்டுப் புத்தளத்தில் வாழ்ந்தது. அவன் அங்கே உப்பளத்துக்குப் பக்கத்தில் ஓலைக் கொட்டிலில் வளர்ந்து, தகப்பனுடைய ஊரைப் பார்க்கவென்று திரும்பி வந்தவன். முன்கடையில் கணினி, பின்னறையில் கட்டில், அவ்வளவுதான் அவனுடைய சொத்து.

அந்த மழைக்காலம் முழுக்க நான் அவனுடைய கடையில்தான் இருந்தேன். கூரைத் தகரத்தில் மழை விழுந்தால் ஒருவர் கதைப்பது மற்றவருக்குக் கேட்காது. அப்போது திரையில் அடித்துக் கதைப்போம். இடக்கைக்கான ஏற்பாட்டைச் சோதிப்பதற்கு அவன் தன் வலக்கையைச் சாரக் கட்டுக்குள் செருகிக்கொண்டு இருப்பான். கடைக்கு வருகிறவர்கள், "என்ன தம்பி, கைக்கு என்ன நடந்தது?" என்று கேட்டால், "வாடகைக்குக் குடுத்திட்டன்" என்பான். தேத்தண்ணி வந்தால் மட்டும் கை வெளியே வரும்.

விசைப்பலகையோடு அவன் நிற்கவில்லை. கணினி கேட்கிற கேள்விகளையும் மாற்றினான். கோப்பு ஒன்றை அழிக்கப் போனால், "உண்மையாத்தான் சொல்லுறியோ?" என்று கேட்கும். கணினியை மூடப் போனால், "படுக்கப் போறியோ?" என்று ஒரு பெட்டி வரும், கீழே ஓம், இல்லை என்று இரண்டு பொத்தான். அச்சு இயந்திரத்தில் கடதாசி முடிந்தால், "கடதாசி இல்லை, என்னைப் பேசாதை" என்று வரும். அக்கா முதன்முதல் அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்புக்கு வெளியே நின்ற கோழிகள் ஓடின.

கடை ஓடவில்லை. அவனும் கட்டாருக்குப் போனான். இப்போது அங்கே தண்ணீர் ஏற்றுகிற பவுசர் லொறி ஓட்டுகிறான்.

இந்த முறை நவராத்திரிக்குக் கிட்டவாக நான் மன்னாரில் இருந்தபோது அக்கா அழைத்தாள்.

"உந்தக் கொம்பியூட்டர் சாகப் போகுதடா. நடுவிலை நடுவிலை நிண்டு யோசிக்குது. லண்டன் மச்சாள் புதுசு ஒண்டு அனுப்பியிருக்கிறா. நீ வந்து எல்லாத்தையும் அதுக்கை மாத்து."

"வாறன்."

"வாறன் எண்டு சொல்லிப்போட்டு வராமல் விடாதை. ஒரு கல்வெட்டு கையிலை கிடக்கு. வல்வெட்டித்துறை மாமியின்ரை மனிசன் மோசம் போயிட்டார். முப்பத்தொண்டு விஜயதசமிக்கு அடுத்த கிழமை."

மாமி எங்களுக்குச் சொந்தம் இல்லை. முகாமில் எங்களுக்குப் பக்கத்துத் தறப்பாள் கொட்டிலில் இருந்தவள். அக்காவின் காயம் ஆறாத நாட்களில் அவளுக்குத் தலை வாரிப் பின்னி விட்டவள். அந்தக் கல்வெட்டை வேறு யாரிடமும் கொடுக்க முடியாது என்று எனக்குச் சொல்லத் தேவையில்லை. வந்துவிட்டேன்.

புதிய கணினி மெல்லியது, வடிவானது. அதில் லினக்ஸைப் புதிதாகப் போட்டேன். பிறகு பழையதற்கு முன்னால் இருந்து என்னத்தை எடுப்பது, என்னத்தை விடுவது என்று பார்க்கத் தொடங்கினோம். அங்கேதான் எனக்கும் அக்காவுக்கும் இழுபறி தொடங்கியது.

"எல்லாத்தையும் ஏத்து" என்றாள்.

"இது லொறி இல்லை அக்கா. உன்ரை வேலைகள், எழுத்துருக்கள், படங்கள், அதுகளை எடுத்தாக் காணும். மிச்சம் எல்லாம் பழைய குப்பை."

"குப்பையோ இல்லையோ, ஏத்து. பேந்து தேவைப்படும்."

இடம்பெயர்ந்த சனத்தில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை, ஒரு பையோடு வெளிக்கிடும். மிச்சத்தைப் போகிற இடத்தில் பார்க்கலாம் என்று நினைக்கும். மற்ற வகை, கூரைத் தகரம், கதவு நிலை, கிணற்றுக் கப்பி வரைக்கும் கழற்றி ஏற்றும். வலிகாமத்தை விட்டு முதன்முதல் வெளிக்கிட்டபோது எல்லோரும் முதல் வகைதான். நாலு நாளில் திரும்பலாம் என்று நினைத்து வீட்டைப் பூட்டித் திறப்பை மடியில் கட்டிக்கொண்டு நடந்தோம். அதற்குப் பிறகு ஒவ்வொரு இடமாக மாறும்போது அக்கா இரண்டாம் வகை ஆனாள். வன்னியில் கடைசியாக ஓடும்போது, அம்மி ஒன்றை நாலைந்து இடத்துக்குக் கொண்டு போனாள். நான் பையோடு நின்றுவிட்டேன். இன்றைக்கும் என் உடைமை ஒரு பையைத் தாண்டுவதில்லை.

அன்று பகல் அவளுடைய சொந்தக் கோப்புகள் எல்லாவற்றையும் புதியதற்கு மாற்றினேன். விசைப்பலகை ஏற்பாடு அவற்றோடு இல்லை. அது கணினியின் உள்வேலைகளுக்கான இடத்தில், சிநேகிதன் வைத்த வேறு கோப்புறையில் கிடந்தது. அதை எடுப்பதற்கு முன் அக்கா வந்து நின்றாள்.

"காணும் விடு. பூசைக்கு வைக்கோணும்."

"இன்னும் கொஞ்சம் கிடக்கு."

"பூசைக்கு வைச்சா விஜயதசமி காலமைதான் தொடலாம். அண்டைக்குத்தான் நல்ல நேரம். அதிலை செய்."

சரஸ்வதி பூசைக்குப் புத்தகம் வைக்கிற வீட்டில், தொழில் செய்கிற கருவியையும் வைப்பார்கள். அக்காவுக்குக் கருவி கணினிதான். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, புதியதன் மூடிக்கு மேல் சந்தனமும் குங்குமமும் வைத்து, ஒரு செவ்வரத்தம்பூவும் வைத்தாள். பழையதை மூடவில்லை, திறந்து வைத்தாள்.

"ஏன் அதைத் திறந்து வைக்கிறாய்?"

"மூடி வைச்சா அம்மாளாச்சிக்கு என்னெண்டு தெரியும், அதிலை எழுதிறது எண்டு?"

மூன்று நாளும் பூசை முடிய அவள் மாவிலையால் மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். புத்தகங்களுக்கு, கத்தரிக்கோலுக்கு, கணினிகளுக்கு. நான் கடலை தின்றுகொண்டு வெளியே இருந்தேன். அவல், கடலை, சுண்டல் என்று அந்த நாட்களில் வயிற்றுக்குக் குறைவில்லை.

விஜயதசமி காலையில் நல்ல நேரம் பார்த்துப் பழையதன் பொத்தானை அழுத்தினேன். ஒரு சின்ன வெளிச்சம் வந்தது. பிறகு போய்விட்டது. ஒரு மணம் வந்தது. சாம்பிராணி மணம் இல்லை. விசைகளுக்கு நடுவே மஞ்சள் காய்ந்து பொருக்காக நின்றது.

அக்கா எனக்குப் பின்னால் நின்றாள். "கொஞ்சம் கூடத் தெளிச்சிட்டன் போல" என்றாள். பிறகு, "பறவாயில்லை, எல்லாம் புதுசுக்கை வந்திட்டுதுதானே?" என்று கேட்டாள்.

"உன்ரை வேலை எல்லாம் வந்திட்டுது. கீபோட் வரேல்லை."

அவள் புதியதற்கு முன்னால் போய் இருந்து, இடைவெளி விசையைப் பெருவிரலால் பிடித்துக்கொண்டு க-வைத் தட்டினாள். த வரவில்லை. வரிசையாக வெறும் இடைவெளி ஓடி, க-வேதான் விழுந்தது. இன்னொரு முறை தட்டினாள். பிறகு விரலை எடுத்து, ஒரு விரலால் த எங்கே என்று வலப்பக்கம் தேடிக் குத்தினாள். கட்டாரில் இருந்து நான் வந்த நாளில் அவள் குத்திக்கொண்டிருந்ததைப் போலவே இருந்தது.

"மாமிக்கு என்ன சொல்லுறது?" என்று கேட்டாள். கை போன நாளைப் பற்றிக் கதைக்கும்போதுகூட அவளுடைய குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

"ஒண்டும் சொல்லாதை. டிஸ்க் உள்ளுக்கை நல்லாத்தான் கிடக்கும். தண்ணி அங்கை போகாது."

இது எனக்குத் தெரிந்து சொன்னது பாதி, அவளைத் தேற்றச் சொன்னது பாதி. பின்மூடியைக் கழற்றி டிஸ்க் தட்டைக் கையில் எடுத்தேன். காய்ந்துதான் இருந்தது. ஆனால் அதைப் புதிய கணினியோடு பொருத்த ஒரு கூடு வேண்டும். டவுணுக்குப் பஸ் எடுத்தேன்.

கூடு விற்கிற கடை பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. வாங்கிய பிறகு கால் தானாக ஐந்துசந்திப் பக்கம் போனது. சிநேகிதனின் கடை இருந்த இடத்தில் இப்போது போன் உறை விற்கிறார்கள். கண்ணாடி அலமாரி, மினுங்குகிற விளக்கு. வாசல் படி மட்டும் அப்படியே இருந்தது. அவன் அந்தப் படியில் இருந்து பழைய விசைப்பலகைகளைக் கவிழ்த்துத் தட்டுவான். சோறு, எறும்பு, நகம், பிள்ளைகளின் பல்லுக்கூட விழும். "யாழ்ப்பாணம் முழுக்க இதுக்குள்ளதான் மச்சான் இருக்கு" என்பான். மழை விட்டதும் பள்ளிவாசல் பக்கம் இருந்து வறுத்த இறைச்சி மணம் வரும். எங்கள் இருவரிடமும் காசு இருக்காது. மணத்தைப் பிடித்துக்கொண்டே பாணும் சம்பலும் சாப்பிடுவோம். எந்த ஊரிலும் அவ்வளவு காலம் நான் நின்றதில்லை என்று அந்தப் படிக்கு முன்னால் நிற்கும்போதுதான் தெரிந்தது. கடைக்காரப் பெடியன், "என்ன அண்ணை, கவரோ?" என்று கேட்டான். இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து தட்டைக் கூட்டுக்குள் வைத்துப் பொருத்தினேன். சத்தம் போட்டது, பிறகு திறந்தது. சிநேகிதன் வைத்த கோப்புகள் எல்லாம் கிடந்தன. பிரதி எடுத்து, அந்தந்த இடத்தில் வைத்து, கணினியை நிறுத்தித் திரும்ப எழுப்பினேன். அக்கா இடைவெளி விசையைப் பிடித்துக்கொண்டு தட்டினாள். ஒன்றும் மாறவில்லை.

கட்டாருக்கு அழைத்தேன். அங்கே அவனுக்குச் சாப்பாட்டு நேரம்.

"மச்சான்! நீ உயிரோடயா இருக்கிற?" என்றான்.

விஷயத்தைச் சொன்னேன். மஞ்சள் தண்ணீர் என்றதும் சிரிக்கத் தொடங்கினான். ஒலிபெருக்கியில் போட்டிருந்தேன், அக்காவுக்கும் கேட்டது.

"சிரி தம்பி, சிரி" என்றாள் அக்கா. "இஞ்சை வா, உனக்கும் தெளிக்கிறன்."

"அக்கா, என்ட பவுசருக்கும் கொஞ்சம் தெளிங்க. அதுவும் நிண்டு நிண்டுதான் ஓடுது" என்றான். பிறகு சொன்னான்: "பொறு மச்சான். இப்ப வாற லினக்ஸ் எல்லாம் திரையை வேற மாதிரி நடத்துது. எங்கட சாமான் பழைய வழியில மட்டுந்தான் ஓடும். பாஸ்வேர்ட் கேக்கிற இடத்துல, கீழ் மூலையில பல்லுச் சில்லு மாதிரி ஒண்டு இருக்கும். அதை அமத்து. பழைய வழி எண்டு காட்டும்."

கணினியை விட்டு வெளியே வந்து, கடவுச்சொல் கேட்கிற இடத்தில் பார்த்தேன். கீழ் மூலையில் பல்லுச் சக்கரம் இருந்தது. பழைய வழியைத் தெரிவுசெய்து உள்ளே போனேன். அக்கா இடைவெளி விசையைப் பிடித்துக்கொண்டு க-வைத் தட்டினாள். த விழுந்தது. ன-வைத் தட்டினாள், ம. ள-வைத் தட்டினாள், ட. பிறகு வேகமாக என்னவோ ஒரு தேவார வரியை அடித்தாள். அவளுடைய தோள் கீழே இறங்கியது.

"வந்திட்டுதா?" என்று கட்டாரில் இருந்து கேட்டது.

"வந்திட்டுது தம்பி. நல்லா இரு. சாப்பிட்டியே?"

"சாப்பிட்டன் அக்கா."

பொய். சாப்பாட்டு நேரம் முழுக்க எங்களோடுதான் கதைத்தான்.

ஆனால் கணினி கேட்கிற கேள்விகள் வரவில்லை. அவன் மாற்றிய சொற்கள் பழைய லினக்ஸுக்குத்தான் பொருந்தும். புதியது அவற்றை எடுக்க மறுத்துவிட்டது. மாலையில் அக்கா ஒரு கோப்பை அழிக்கப் போனபோது, "இக்கோப்பினை நிரந்தரமாக நீக்க விரும்புகிறீர்களா?" என்று பெட்டி வந்தது.

"ஆரடா இது, அரசாங்கக் கச்சேரிக்காரர் மாதிரிக் கதைக்கிறது?" என்றாள். சிரித்தாள்தான். ஆனாலும் அந்தப் பெட்டியை மூடாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளைவிட எனக்கு அது கூடச் சுட்டது. திரையில் என்னோடு கதைத்துக்கொண்டிருந்த ஒருவன் எழும்பிப் போனதுபோல இருந்தது.

அடுத்த நாள் காலையில் இன்னொன்று தெரிய வந்தது. அக்கா ப அடிப்பதற்குச் சின்னி விரலை நீட்டி, இடப்பக்க ஓரத்தில், ஆங்கிலப் பெரிய எழுத்துக்கான பூட்டு விசையைத் தட்டிக்கொண்டிருந்தாள். ப-வுக்கு உரிய விசை நடுவில் சும்மா கிடந்தது. அதைத் தட்டினால் ஒன்றுமே வராது.

எங்கள் கரையில் காற்றிலேயே உப்பு. வீட்டு ஆணிகள், சைக்கிள் சங்கிலி எல்லாம் கரைந்து போகும். பழைய கணினியில் ப விசை அப்படித்தான் கறள் பிடித்துச் செத்தது. ஒற்றைக் கை ஏற்பாட்டில் ஒரு விசை செத்தால் இரண்டு எழுத்துச் சாகும். ப போனபோது அதன் எதிர்ப்பக்கத்து அரவும், பா-வில் வருகிற கால், சேர்ந்து போயிற்று. அப்பா என்ற சொல்லை அடிக்க முடியாமல் கல்வெட்டு அடிப்பது எப்படி? பிறகொரு தரம் ஊருக்கு வந்த நேரத்தில் நான் இரண்டையும் அந்த ஓர விசைக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தேன். நான் போட்ட அந்த ஒட்டு வேலையும் எல்லாவற்றோடும் சேர்ந்து புதியதற்கு வந்திருந்தது.

"பாத்தியே" என்றேன். "எல்லாத்தையும் ஏத்தச் சொன்னாய். செத்த விசையையும் ஏத்தியாச்சு."

அவள் விரலை ஓரத்தில் இருந்து எடுத்து நடுவில் வைத்துப் பார்த்தாள். விசை மெத்தென்று போய் வந்தது.

"இது நல்லா இருக்குதே. ப-வை இதுக்குத் திருப்பி விடு."

"இப்ப வேண்டாம். விரலுக்கு அந்த ஓரம் பழகிப் போச்சு. மாமியின்ரை கல்வெட்டை முடி. பேந்து மாத்துவம்."

"பேந்து எப்ப? நீ எப்ப வெளிக்கிடுறாய்?"

பை ஏற்கெனவே கட்டியிருந்ததை அவள் பார்த்திருப்பாள்.

"உனக்கு விளங்கேல்லை" என்றாள். "இதுக்கு ஒண்டு வந்தா நான் ஆரைக் கேப்பன்? நீ மன்னாரிலை. அந்தப் பெடியன் கட்டாரிலை. உங்கட ஒட்டு எல்லாம் உங்கட தலைக்கை கிடக்கு. கை இல்லாததை மாத்தேலாது, அதுக்குச் செய்ததை வைச்சிருப்பம். விசை நல்லா இருக்கேக்கை ஏன் சுத்திப் போகோணும்?"

"மாமி இண்டைக்குப் பின்னேரம் வாறா அக்கா. பிழைச்சால்?"

"பிழைச்சால் அழிச்சு அடிக்கிறன். மாத்து."

அம்மியைச் சுமந்தவள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் ஏற்றச் சொன்னவள்தான், இறக்கி வைத்த பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்து எறிகிறாள். பையோடு திரிகிற எனக்கோ, நானே போட்ட அந்த ஒட்டை அழிக்கக் கை வரவில்லை. அந்தக் கோப்பில் அந்த வரிகளுக்கு மேல் சிநேகிதன் போனில் சொல்லச் சொல்ல நான் அடித்த ஒரு குறிப்பு இருந்தது: அக்காவின் ப, உப்புக் காற்று. கணினி அதை வாசிப்பதில்லை. நாங்கள் வாசிப்பதற்கு எழுதியது. வரிகளை அழித்தேன். குறிப்பையும் அழித்தேன், விட்டால் அடுத்து வருகிறவன் அந்த வரிகளைத் தேடுவான்.

அன்று பின்னேரம் மாமி வந்தாள். வெள்ளைச் சேலை, கையில் ஒரு குடை. அக்காவின் தலையைத் தடவிவிட்டுக் கதிரையில் இருந்தாள். நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டு ஒரு பக்கமாக நின்றேன். நின்றேன் என்றால், அக்காவின் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எழுது பிள்ளை" என்றாள் மாமி. "பிள்ளையள் சொல்லுறதா வரோணும். எங்கள் அப்பா கடலை அறிந்தவர். வல்வெட்டித்துறையிலை அவரைப் போலத் தோணி ஓட்டினவை இல்லை."

எங்கள் என்பது ஓடி வந்தது. பிறகு அ. பிறகு சின்னி விரல் ஓரத்துக்குப் போனது, ஒன்றும் விழவில்லை. அக்கா விரலை மடக்கி நடுவுக்குக் கொண்டு வந்தாள். ப விழுந்தது. புள்ளி. திரும்பவும் விரல் ஓரத்துக்குப் போனது. திரும்பவும் கொண்டு வந்தாள். மாமி அதற்குள் இன்னும் இரண்டு வரி சொல்லிவிட்டு, அக்கா இன்னும் அப்பாவிலேயே நிற்பதைக் கண்டு நிறுத்தினாள்.

"எழுதியிட்டியே?"

"கொஞ்சம் பொறுங்கோ மாமி. இது புதுசு. கை இன்னும் பழகேல்லை."

"ஆறுதலா எழுது பிள்ளை. அவருக்கு இனி என்ன அவசரம்."

அந்த ஒட்டை மறுபடி போட்டுவிடலாமா என்று யோசித்தேன். அதற்கு மாமிக்கு முன்னால் கணினியை அக்காவிடம் இருந்து வாங்க வேண்டும். அக்கா திரும்பி என்னைப் பார்க்கவே இல்லை. அழிப்பாள், அடிப்பாள். ஒவ்வொரு அப்பாவுக்கும் அறை அமைதியானது. மாமி அந்த அமைதியில் தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தாள். அக்கா பழைய வேகத்தில் அடித்திருந்தால் சொல்லி முடித்து, கண்ணைத் துடைத்து, எழும்பிப் போயிருப்பாள்.

"கடலை அறிந்தவர் எண்டு சொன்னன் என்ன" என்றாள், யாரையும் பார்க்காமல். "அந்த மனிசனுக்கு நீந்தத் தெரியாது."

அக்காவின் விரல் நின்றது.

"உண்மையாவோ மாமி?"

"ஒருத்தருக்கும் தெரியாது. கலியாணம் கட்டின புதுசிலை எனக்கு மட்டும் சொன்னவர். சொல்லிப்போட்டு, ஆருக்கும் சொல்லாதை எண்டு என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு சத்தியம் வாங்கினவர். இவ்வளவு காலமும் கடலுக்குப் போய் வந்தது நீந்தத் தெரியாமல்." அவளுடைய வாய் ஓரம் நடுங்கியது, அழுகையா சிரிப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை. "நான் ஒவ்வொரு நாளும் கரையிலை நிண்டது ஏனெண்டு இப்ப விளங்குதே?"

"இதைப் போடட்டே மாமி?"

"ஐயோ, விசரே உனக்கு? ஊர் சிரிக்கும்."

அக்கா காத்திருந்தாள். அவசரப்படுத்த அவளிடம் அன்றைக்கு வேகமும் இருக்கவில்லை. வெளியே துறைமுகத்தில் ஏதோ ஒரு வள்ளத்தின் இயந்திரம் எழும்பி, நின்று, திரும்ப எழும்பியது. மாமி கோப்பையைக் கீழே வைத்தாள்.

"போடு" என்றாள். "நான் சொன்னதா வேண்டாம். பிள்ளையள் சொன்னதாப் போடு."

அக்கா விரலை நடுவில் வைத்தாள். அ. ப. புள்ளி. ப. இடைவெளி விசையைப் பிடித்துக்கொண்டு அதே விசையில் அரவு. இந்த முறை ஓரத்துக்குப் போகவில்லை. அப்பாவுக்கு நீந்தத் தெரியாது என்று மெதுவாக ஒரு வரி முழுதும் வந்து நின்றது.

மாமி கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டவாகக் குனிந்தாள். எழுத்துச் சின்னதாக இருந்திருக்க வேண்டும்.

"வாசி பிள்ளை, கேப்பம்" என்றாள்.

அக்கா வாசித்தாள்.